சென்னையிலிருந்து போய் ஆங்கிலக் கால்வாயைப் பலூனில் கடக்க: விசா முதல் முத்திரை வரை

இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலுக்கு மேலே பலூனில் போகப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, நடுக்கடலில் கேஸ் தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்பதுதான். அந்தக் கவலையைப் பைலட்டிடம் விட்டுவிடலாம். அவருக்கு அதுதான் தொழில். நம் கவலைகள் வேறு. இரண்டு விசா வாங்க வேண்டும். எந்தத் தேதியில் பறப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. பிரான்சில் யாரோ ஒரு விவசாயியின் வயலில் இறங்கிய பிறகு, நாம் அந்த நாட்டுக்குள் வந்ததை யாராவது பதிவு செய்தாக வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பக்கம்கூடத் தமிழில் கிடைக்காமல் நான் அலைந்தேன், அதனால் எழுதுகிறேன். சென்னையிலிருந்து பயணியாகப் போகிறவர்களுக்கு மட்டுமே இது. பைலட் லைசென்ஸ் எடுப்பது தனிக் கதை.

1. மெரினாவை மறந்துவிடுங்கள்

இங்கேயே கடல் இருக்கும்போது எதற்கு இங்கிலாந்து என்று தோன்றும். பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. காற்று எந்தப் பக்கமோ பலூனும் அந்தப் பக்கம். பைலட் செய்யக்கூடியதெல்லாம் ஏறியும் இறங்கியும் வேறு உயரத்தில் வேறு திசைக் காற்று கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான். சென்னையில் விடியற்காலையில் நிலத்துக் காற்று கடலை நோக்கி வீசும், நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்பும். ஆக, விடியலில் கிளம்புவது சுலபம். ஆனால் எதிர்க்கரை என்று ஒன்று வேண்டுமே? போர்ட் பிளேர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆங்கிலக் கால்வாயின் குறுகலான பகுதியான டோவர் நீரிணையின் ஒடுங்கிய இடம் சுமார் 33 கிலோமீட்டர். தூரக் கணக்கில் நம் ஊர் கடல்தான் எளிது. ஆனால் நடுவில் சர்வதேசக் கடல் எல்லை, இரண்டு நாட்டுக் கடற்படை, இரண்டு நாட்டு விமானத் துறை அனுமதி. டோவர் பக்கம் இதற்கெல்லாம் பழகிய பைலட்டுகளும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். 2017 ஏப்ரல் 7 அன்று ஒரே காலையில் 82 பலூன்கள் அங்கிருந்து கடந்து கின்னஸ் சாதனை செய்தன.

2. முதலில் கூடையில் ஏறி நின்று பாருங்கள்

தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் ஆதரவோடு 2015 முதல் பொள்ளாச்சியில் பொங்கல் சமயத்தில் பலூன் திருவிழா நடக்கிறது. 2025-இல் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையிலும் நடந்தது. பொதுமக்களை ஏற்றுவது பெரும்பாலும் கயிற்றில் கட்டிய பலூனில்தான். மேலே போய்க் கீழே வந்துவிடும். அதைப் பறந்ததாகக் கணக்கில் வைக்க முடியாது. ஆனாலும் போங்கள். மார்பளவு உயரப் பிரம்புக் கூடைக்குள் நிற்கும்போது தலை சுற்றுகிறதா, தலைக்கு மேல் பர்னர் உறுமுவது தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். அங்கே ஒத்துவரவில்லை என்றால் லட்சக்கணக்கில் மிச்சம்.

3. எந்த மாதம்?

இங்கிலாந்தில் அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. டோவரிலிருந்து அதில் ஏறினால் வடகடலுக்குள்தான் போவோம். கால்வாயைக் கடக்க வடமேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று வர வேண்டும். அதிலும் தரையில் மெதுவாகவும், மேலே ஓரளவு வேகமாகவும், மேகமும் மழையும் இல்லாமலும் அமைய வேண்டும். இப்படிப்பட்ட நாள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எப்போதுமே அபூர்வம்.

கோடைதான் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறோம். பலூனுக்குக் குளிர்காலத்திலும் சாதகங்கள் உண்டு. வெளிக்காற்று குளிராக இருந்தால் உள்ளே இருக்கும் வெப்பக் காற்றுக்குத் தூக்கும் சக்தி கூடும். கேஸ் குறைவாகச் செலவாகும். வெயில் மந்தமாக இருப்பதால் தரையிலிருந்து கிளம்பும் வெப்பச் சுழல்களும் குறைவு, அதனால் விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் பறக்கலாம். ஜூனில் என்றால் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், நீங்கள் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து கிளம்ப வேண்டும். இன்னொரு விஷயம், ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் ஷெங்கன் விசாவுக்கு (பிரான்சு உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது பெரும்பாடு. என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச், இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர்.

4. நிறுவனத்தை எழுத்தில் கேள்வி கேளுங்கள்

ஊர்மேல் ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டும் பலூன் நிறுவனங்கள் இங்கிலாந்தில் நிறைய. கால்வாயைக் கடக்கும் பறத்தல் சிலர் மட்டுமே செய்வது. கட்டணமும் சாதாரணப் பறத்தலைவிடப் பல மடங்கு. நீண்ட தூரத்துக்குக் கூடுதல் கேஸ் சிலிண்டர் ஏற்ற வேண்டும், அந்த எடைக்கு ஆட்களைக் குறைக்க வேண்டும். பலூனைத் திரும்பக் கொண்டுவரும் வண்டியும் டிரெய்லரும் படகிலோ சுரங்க ரயிலிலோ பிரான்சுக்குப் போய் வர வேண்டும். இதெல்லாம் உங்கள் கட்டணத்தில்தான் வந்து விழும்.

ஃபோனில் பேசினால் போதாது, மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்:

- பணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா? பயணிகளுக்கான காப்பீடு கடல்மேல் பறப்பதற்கும் செல்லுமா?
- விசா தேவைப்படும் பாஸ்போர்ட்டோடு வருகிறேன். பிரான்சில் என் வருகை எங்கே, யாரால் பதிவாகும்?
- நான் காத்திருக்கும் நாட்களில் காற்று அமையாவிட்டால் பணம் திரும்பி வருமா, வேறு தேதி மட்டும்தானா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘வேறு தேதி’ என்றுதான் பதில் வரும். டோவர் இருக்கும் கென்ட் பகுதியில் குடியிருப்பவருக்கு அது போதும். சென்னையிலிருந்து போகிறவருக்கு வேறு தேதி என்றால் இன்னொரு விமான டிக்கெட். கடல் அமையாவிட்டால் கென்ட் மீது ஒரு சாதாரணப் பறத்தலும் மீதிப் பணமும் என்று பேசிப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள்.

உடல் எடையைக் கேட்பார்கள். கிலோவில் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் கேஸ் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

5. பிரிட்டன் விசா: முதலில் இது

வேண்டியது ‘ஸ்டாண்டர்ட் விசிட்டர்’ விசா. பயணத் தேதிக்கு அதிகபட்சம் 3 மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். வழக்கமாக 3 வாரம் ஆகும். 2025 ஏப்ரலில் கட்டணம் 6 மாத விசாவுக்கு 127 பவுண்டு, 2 வருட விசாவுக்கு 475 பவுண்டு என்று ஆனது. விண்ணப்பிக்கும் நாளன்று அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். காற்று ஏமாற்றினால் மறுபடி வருவேன் என்கிற பிடிவாதக்காரர்கள் 2 வருட விசாவை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு 6 மாதமே தாராளம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போவதில்லை என்பதால் டிபி பரிசோதனை தேவையில்லை. யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆவணங்கள் வழக்கமானவைதான்: ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், வேலை செய்யும் இடத்தில் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு. நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

ஒன்று, விண்ணப்பிக்கும் வாரத்தில் மாமாவிடம் வாங்கி இரண்டு லட்சத்தைக் கணக்கில் போடுவது. அது எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும், வந்தால் நிராகரிப்புதான். சீட்டுப் பணம், நிலம் விற்ற பணம் என்று உண்மையிலேயே பெரிய தொகை வந்திருந்தால் அதற்கான தாளை இணையுங்கள்.

இரண்டு, பட்டா, பத்திரம், திருமணச் சான்று போன்றவை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், ‘இது சரியான மொழிபெயர்ப்பு’ என்ற உறுதிமொழி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தால் போதாது.

மூன்று, பெயர். நம் பாஸ்போர்ட்டுகளில் பாதிக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். விசா விண்ணப்பம், காப்பீடு, பலூன் நிறுவனத்துக்குக் கொடுக்கும் விவரம், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பும் பலூனுக்கும் சிறிய விமானத்துக்கும் ‘ஜெனரல் ஏவியேஷன் ரிப்போர்ட்’ என்று ஒன்றைப் பைலட் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கிளம்புவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு. அதில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போகும். விடியற்காலை வயலில் நின்றுகொண்டு இனிஷியலை விரித்து விளக்கம் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

6. ஷெங்கன் விசா: பலர் தவறவிடுவது

நான் விசாரித்த ஒரு ஏஜென்ட் ‘பிரிட்டன் விசா போதும் சார், இறங்கினதும் அதே வண்டியில் திரும்பிடுவீங்க’ என்றார். போதவே போதாது. பிரான்சு மண்ணில் கால் வைத்தால், அது பத்து நிமிடமானாலும், ஷெங்கன் விசா வேண்டும். காற்று கொஞ்சம் திரும்பி பெல்ஜியத்தில் இறங்கினாலும் அதே விசா செல்லும்.

இரண்டு விசாவுக்கும் சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில்தான் கைரேகை கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடும். அதனால் ஒன்று முடிந்து இன்னொன்று. பிரான்சுக்குப் பிரிட்டன் வழியாகத்தான் நுழையப் போகிறீர்கள், எனவே பிரிட்டன் விசா கையில் இருந்தால்தான் ஷெங்கன் விண்ணப்பம் நிற்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முடிவு வர 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரை இழுக்கலாம். பிரிட்டன் விசாவை 3 மாதத்துக்கும் முன்னதாகத் தொடங்க முடியாது என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். விளையாட நேரமே இல்லை. தொடங்க முடிகிற முதல் நாளே பிரிட்டன் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள், ஷெங்கன் அப்பாயின்ட்மென்ட்டை அப்போதே பிடித்து வையுங்கள்.

விண்ணப்பத்தில் தேதி எழுதும்போது கவனம். ஒரே ஒரு நாளைப் போட்டால் அந்த நாளை ஒட்டித்தான் விசா வரும். நீங்கள் காத்திருக்கப் போகும் மொத்த நாட்களையும் போடுங்கள். காற்றைப் பொறுத்துத் தேதி முடிவாகும் என்பதை விண்ணப்பத்தோடு வைக்கும் கவர் லெட்டரில் இரண்டு வரியில் விளக்கி, பலூன் நிறுவனத்தின் கடிதத்தை இணையுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவைவிடப் பலமுறை நுழையும் விசாவைக் கேட்பது நல்லது. பிரான்சுத் துறைமுக நகரமான கலேயில் ரத்து செய்யக்கூடிய ஓட்டல் பதிவு ஒன்றும் வேண்டும்.

7. முத்திரை

மொத்த வேலையிலும் இதுதான் சிக்கலான இடம்.

விமானத்தில் போனால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி இருப்பார். பலூன் இறங்குவது கோதுமை வயலில். அங்கே பசு மாடுதான் இருக்கும். நீங்கள் ஷெங்கன் பகுதிக்குள் வந்த பதிவு இல்லாமலே கலே துறைமுகத்துக்குத் திரும்பினால், அங்கே முதலில் பிரெஞ்சு எல்லைப் போலீஸ் வெளியேறும் சோதனை செய்யும். ‘எப்போது உள்ளே வந்தீர்கள்?’ என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் சோதனையும் கலேயிலேயே நடக்கும். இரண்டு கவுன்டருக்கும் நடுவில் நின்று பலூன் கதை சொல்வது சுகமான அனுபவம் இல்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பைலட்டுக்கும் குழுவினருக்கும்கூட இந்தப் பதிவு வேண்டும். ஆகவே நல்ல நிறுவனங்கள் பிரெஞ்சு அதிகாரிகளிடம் முன்கூட்டியே பேசி வைப்பார்கள். ஆனால் அவர்களுக்கு விசா தேவையில்லை. அதனால் அவர்களுடைய பட்டியலில் விசா என்ற சொல்லே இருக்காது; உங்களுக்கு வேண்டும் என்பதை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். முன்பதிவு செய்யும்போது ஒருமுறை, பறப்பதற்கு முந்தின நாள் ஒருமுறை, கூச்சப்படாமல் கேளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் மை முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப் படமும் எடுத்துப் பதியும் ஈஈஎஸ் முறைக்குப் படிப்படியாக மாறத் தொடங்கின. எந்த முறையானாலும், எந்த அலுவலகம், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இறங்கியதும் சாப்பாடு, படம் பிடிப்பது எல்லாம் அப்புறம்; முதலில் அந்த அலுவலகம்.

8. காப்பீடு

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சென்னையில் ஆன்லைனில் வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடு விசாவுக்குப் போதும், பலூனுக்குப் பெரும்பாலும் உதவாது. விலக்குகள் பட்டியலில் ‘சாகச விளையாட்டு’, ‘அட்டவணைப்படி இயங்கும் விமானம் தவிர்த்த பறத்தல்’ என்று இரண்டு வரி பொடி எழுத்தில் இருக்கும். வெப்பக் காற்று பலூனில் கட்டணப் பயணியாகப் போவதற்கும் செல்லும் என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே மின்னஞ்சல் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது காகிதத்தில் நிற்காது.

9. பணம்

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வங்கி வழியாக அனுப்பினால் ஏ2 என்ற வெளிநாட்டுப் பணப் படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் சத்தமில்லாமல் ஏறும். உங்கள் கார்டுக்கு எத்தனை சதவீதம் என்று முன்பே பாருங்கள். இங்கே ஒரு டிராவல்ஸ் மூலமாக ஓட்டல், விமானம், பலூன் எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று பில் போட்டால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அது கையைவிட்டுப் போகும் பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் வரவாகும். ஆனால் கிளம்பும் நேரத்தில் கையில் குறையும்.

விமான டிக்கெட்டில் திரும்பும் தேதியை மாற்றக்கூடிய வகையையே எடுங்கள். மொத்தச் செலவில் எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

10. கென்ட்டில் காத்திருப்பு

லண்டனில் தங்கிக் கூப்பிட்டதும் ஓடலாம் என்று திட்டமிடாதீர்கள். விடியற்காலையில் ரயில் இருக்காது. லண்டன் செயின்ட் பேங்க்ராஸிலிருந்து அதிவேக ரயிலில் ஆஷ்ஃபோர்ட் 40 நிமிடத்துக்குள், கேன்டர்பரி ஒரு மணி நேரத்துக்குள். அந்தப் பக்கமே தங்குங்கள். கேன்டர்பரியில் பொழுது போகும். டோவரில் கோட்டையைப் பார்த்துவிட்டால் பிறகு கடற்காகங்களைத்தான் எண்ண வேண்டும்.

முந்தின நாள் மாலை பைலட் செய்தி அனுப்புவார். போகலாம் என்று சொல்லிவிட்டு அதிகாலையில் ரத்து செய்வதும் சகஜம். இதற்குக் கோபப்படக் கூடாது, பயந்த பைலட்தான் நல்ல பைலட். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரோமிங் பேக் இரண்டு நாட்டிலும் வேலை செய்கிறதா என்று இந்த இடைவெளியில் பாருங்கள்.

11. பறக்கும் நாள்

பாஸ்போர்ட்டை ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டையின் உள்பையில் வையுங்கள். பையில் வைத்து வண்டியில் விட்டுவிட்டால், வண்டி டோவர் படகு வரிசையில் நிற்கும்போது நீங்கள் பிரான்சில் கையை வீசிக்கொண்டு நிற்பீர்கள்.

கூடையில் கழிப்பறை கிடையாது, உட்கார இடமும் கிடையாது. காற்று 15 நாட் வேகத்தில் இருந்தால் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். கிளம்பும் வயலிலிருந்து கடற்கரை, கடல், பிறகு பிரான்சில் இறங்க இடம் தேடுவது என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். காலைக் காபியைத் தியாகம் செய்யுங்கள். முழங்கால் வலி, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் வேண்டாம்.

குளிர் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. பலூன் காற்றோடு காற்றாகப் போவதால் முகத்தில் காற்று அடிக்காது. கையில் காகிதத்தைப் பிரித்தால்கூட அசையாது. தலைக்கு மேல் பர்னர் சூடு இருக்கும், ஒரு தொப்பி போடுங்கள். நைலான் உடை வேண்டாம், பருத்தியும் கம்பளியும் நல்லது. கடலைத் தொடும் முன்பே லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொல்வார்கள். கீழே உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. பர்னரை நிறுத்தியதும் எங்கோ கீழே ஒரு சரக்குக் கப்பலின் இயந்திரம் தடதடப்பது தெளிவாகக் கேட்கும், கூடவே கூடையின் பிரம்பு மெல்ல நெறிபடும் சத்தமும்.

இறங்கும்போது பைலட் சொன்னதும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோனை அதற்கு முன்பே பையில் போட்டுவிடுங்கள். கூடை சாய்ந்து கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகலாம். பைலட் சொல்லாமல் யாரும் வெளியே குதிக்கக் கூடாது. ஒருவர் எடை குறைந்தாலே பலூன் மறுபடி எழும்பிவிடும்.

12. இறங்கிய பிறகு

பலூன் துணியை மடித்துப் பையில் திணிக்க எல்லாரும் கை கொடுக்க வேண்டும். வண்டி வரும்வரை காத்திருப்பு நீளலாம்: படகு என்றால் கடக்க மட்டுமே ஒன்றரை மணி நேரம், சுரங்க ரயில் என்றால் 35 நிமிடம். அப்புறம் நேராக ஏழாவது பகுதியில் சொன்ன அலுவலகம்.

திரும்ப இங்கிலாந்துக்கு வருவதென்றால் பிரிட்டன் விசா பலமுறை நுழையக்கூடியதுதானா என்று விசாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம், பாரிசிலிருந்தே சென்னைக்குப் பறந்துவிடலாம் என்றால், பெட்டி படுக்கையைக் கூட வரும் வண்டியில் ஏற்ற இடம் இருக்குமா என்று முந்தின நாளே கேளுங்கள்; பெரும்பாலும் ஒரு சிறு பைக்குத்தான் இடம் இருக்கும்.

பலூன் நிறுவனத்தின் ரசீது, பைலட் கொடுத்த பறத்தல் விவரம், படகுச் சீட்டு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஷெங்கன் விண்ணப்பத்தில் எந்த வழியாக நுழைந்தீர்கள் என்ற கேள்வி வந்தால் இவைதான் பதில். டிசிஎஸ் பிடித்திருந்தால் அது வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கணக்குத் தாக்கலுக்கு முன்பு பார்த்துவிடுங்கள்.